வீட்டுப் பாத்தி

எல்கடுவ
12.08.1989

அன்பின் றஹீமா,

நாட்டுக் குழப்பத்தில் பள்ளிக்கூடம் பூட்டி ஏழு கிழமையாகிறது. பஸ்ஸும் இல்லை, தபாலும் ஓடவில்லை. அதனால் அப்பா உங்கள் கடைக்கு அனுப்பும் போஞ்சிக்காய் மூட்டைக்குள் இதை வைக்கிறேன். உன் கைக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கோயில் அலுமாரியில் ஒரு பழைய சஞ்சிகை கிடைத்தது. மருந்தடிக்காமல், சாணியும் இலைக்குப்பையும் போட்டு வளர்க்கிற காய்கறிதான் உடம்புக்கு நல்லது என்று ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார். மண்ணில் மண்புழு சாகாதாம். காய்க்கும் ருசி கூடுமாம். கர்ப்பிணிகள் கட்டாயம் அப்படிப்பட்டதைத்தான் சாப்பிட வேண்டுமாம். வாசித்ததும் உன் உம்மாவை நினைத்தேன். எங்கள் வீட்டுப் பாத்தியிலும் சாணியும் சாம்பலும் மட்டும்தான். உம்மா சுகமா?

உன் தோழி,
தெரேசா

மாத்தளை
16.08.1989

அன்பின் தெரேசா,

கடிதம் கிடைத்தது. மூட்டையைக் கொட்டும்போது வாப்பா எடுத்து, "இந்தா, போஞ்சிக்குள்ள ஒரு தபால்காரன்" என்று தந்தார். திரும்பி வரும் வெறுஞ்சாக்கில் இதை வைக்கிறேன்.

உம்மாவுக்கு ஆறு மாதம். முந்தி இரண்டு தங்காமல் போனது உனக்குத் தெரியும். இந்த முறை பயத்தில் நடமாடுவதே குறைவு. உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அதிலிருந்து வேறு ஒருவருடைய காயையும் தொடமாட்டா. "தெரேசாட வாப்பா தோட்டத்துக் காய், மருந்து மாயம் இல்ல" என்று சொல்லிக்கொண்டு உங்கள் மூட்டைப் போஞ்சியைப் பச்சையாகவே கடிக்கிறா.

ஒரு விஷயம். போன மூட்டையில் புழு குடைந்த ஓட்டைக் காய் கிடந்ததாம். இனி அப்படி வந்தால் திருப்பி அனுப்புவேன் என்று வாப்பா எழுதச் சொன்னார். கோபிக்காதே.

அன்புடன்,
றஹீமா

எல்கடுவ
23.08.1989

றஹீமா,

உம்மாவை அந்தப் போஞ்சி சாப்பிட விடாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இரண்டு பாத்தி இருக்கிறது. சின்னது வீட்டுக்கு, அதற்கு மருந்து இல்லை. பெரியது கடைக்கு. நான் சின்னதைப் பற்றி மட்டும் எழுதினேன். பொய் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பறிப்பதற்கு முதல் நாள் அப்பா மூக்கில் துணி கட்டிக்கொண்டு பெரிய பாத்திக்கு மருந்தடிப்பார். இந்த லயத்தில் எல்லோரும் அப்படித்தான். உன் கடிதம் வந்த அன்று கேட்டேன்.

"மருந்தடிச்சா ரெண்டு கிழம, பதினாலு நாள் பறிக்கக் கூடாதாம் அப்பா. புஸ்தகத்துல இருக்கு."

"புஸ்தகக்காரன் வந்து ஓட்டக் காய வாங்கிக்குவானா?"

"றஹீமா உம்மா அதத்தான் திங்கிறாங்களாம்."

"ஓட்ட வேணாம்னு சொல்றது யாரு? அவங்க ஊட்டு மொதலாளிதானே?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. காலையிலிருந்து தேயிலைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்து மருந்தடித்தவர், முதுகிலிருந்த மருந்து டாங்கியை இறக்கிவைக்கவும் தெம்பில்லாமல் அதோடேயே படியில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் அதைக் கழற்றி வைத்தேன்.

இதை நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. உன் வாப்பா எங்கள் மூட்டையை நிறுத்தினால், காரணம் நான்தான். இருந்தாலும் உம்மாவுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. மூட்டைக்குள் ஒரு சின்னப் பை இருக்கிறது. சின்னப் பாத்திக் காய், ஓட்டையோடு. அது உம்மாவுக்கு.

தெரேசா

மாத்தளை
30.08.1989

தெரேசா,

உன் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்தேன். திட்டவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டா. பிறகு சொன்னா: "வாப்பாக்குச் சொல்லாத. அந்த மூட்டய நிப்பாட்டினா இன்னொரு லயத்து மூட்ட வரும். அதுவும் இதுதான். நமக்கு மட்டும் தனியா அனுப்பச் சொல்லு. கடைக்கு வாறது கடைக்கே போகட்டும்."

அவ சொன்னபடி எழுதிவிட்டேன். பைக் காயை உம்மா சமைத்தா. நன்றாக இருந்தது.

நேற்றுப் பின்னேரம் வாப்பா அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போனதால் நான் தராசடியில் நின்றேன். நம்முடைய சந்திரகாந்தா டீச்சர் வந்தா. பள்ளிக்கூடம் எப்போது திறக்குமோ என்று கவலைப்பட்டா. கைக்குழந்தைக்கு அவித்துக் கொடுக்க அரைக் கிலோ போஞ்சி கேட்டா. "எல்கடுவப் போஞ்சிதானே, பார்க்கவே துப்பரவா இருக்கு" என்றா. நான் நிறுத்துச் சுற்றிக் கொடுத்தேன். உன் மூட்டைக் காய்தான்.

நீ எனக்குச் சொன்னாய். எனக்கு டீச்சரிடம் சொல்ல முடியவில்லை. கடைத் தெரு முடியும் வரைக்கும் அவ போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

உம்மாவுக்கு இன்னும் மூன்று மாதம். அதுவரைக்கும் பையை அனுப்பு. அதற்குள் கடிதம் வைக்காதே; இனி எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

றஹீமா