மறையூர் வளைவில் வண்டி ஓட்டியது நான்தான்

அன்பு நாச்சிமுத்து,

எங்கள் பாப்பா நலம். உன் வீட்டுச் செவலை கன்று போட்டிருக்கிறது. உன் அக்கா சரசுவும் நலம்தான், நேற்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். நீ போன இந்த ஒரு மாதத்தில் மீனாட்சிபுரத்துச் சேதி இவ்வளவே. மீதி என் சேதி. நீ இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது.

கல்யாணச் சீராக உன் அப்பா எனக்குப் புல்லட் கொடுத்தாரே, நேர் ரோட்டில் நான் அதில் ராஜா. மெதுவாக ஒடித்துத் திருப்ப மட்டும் வராது. அந்தக் கனம் ஒரு பக்கம் சாயத் தொடங்கினாலே காலை ஊன்றிவிடுவேன். அகலமான இடம் வரும்வரை ஒரு மைல் போய்த் திரும்பி வருவேன். கேட்டால், எஞ்சினைச் சூடாக்குகிறேன் என்று ஒரு சாக்கு. நீயோ மாட்டுக் கொட்டகைக்கும் வைக்கோல்போருக்கும் நடுவில், கால் தரையில் படாமல் எட்டுப் போடுவாய்.

பாப்பாவின் காதுகுத்துக்கு மறையூர் வெல்லம்தான் வேண்டும் என்று உன் அம்மா சொல்ல, உடுமலை வழியாக இரண்டு பேரும் போனோம். திரும்பும்போது பின்னால் வெல்ல மூட்டையோடு நீ. மலையிறக்கத்தில் ஒரு கொண்டை வளைவில் மண் சரிந்து ரோடு பாதியாகியிருந்தது. நான் நிறுத்திவிட்டேன்.

"நான் எறங்கிக்கறேனுங்க மச்சான். இல்லீன்னா எங்கிட்டக் குடுங்க, திருப்பித் தாறேன்."

"பேசாம உக்காருடா. எனக்குத் தெரியாதா?"

பார்க்க ஒரு ஆள் இல்லாத ரோடு. அங்கே யாருக்காக அந்த மாப்பிள்ளை முறுக்கு? பள்ளத்தையே பார்த்துக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பினேன். பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டேன். வண்டி அப்படியே சாய்ந்தது. நான் குதித்துத் தப்பித்தேன். உன் முழங்கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

அந்தப் பக்கம் வந்த ஜீப்காரர் யார் ஓட்டியது என்று கேட்டார். அந்த வலியிலும் நீ "நாந்தானுங்க" என்றாய். நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவன் போல நின்றேன். ஆஸ்பத்திரியில் உன் காதருகே குனிந்தபோது நீ சொன்னது இதுதான்: "சீர் குடுத்த வண்டிய மாப்பிள்ளை கீழ போட்டுட்டாருன்னு ஊரு சிரிச்சா அக்காளுக்கு மருவாதியாங்க? உடுங்க மச்சான்."

விட்டுவிட்டேன், நாச்சிமுத்து. எவ்வளவு சுலபமாக விட்டுவிட்டேன்!

உன் கால் மடங்கவே இல்லை. தள்ளிப்போட்டு நடத்திய காதுகுத்தில் சம்மணம் போட முடியாமல், ஸ்டூலில் உட்கார்ந்துதான் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டாய். பொள்ளாச்சிப் பக்கத்தில் பேசி முடித்த பெண் வீட்டார், வண்டியும் ஓட்டத் தெரியாது, காலும் விளங்காது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நீ வேறு பெண் பார்க்கப் போகவில்லை. "அக்கா ஊட்டு வண்டிய எடுத்துட்டு ஆடுனயே, அனுபவி" என்று உன் அம்மா சோறு போடும்போதெல்லாம் திட்டுவார். நான் அதே பந்தியில் உட்கார்ந்து ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

திருப்பக் கற்றுக்கொண்டது அதன் பிறகுதான். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து, எல்லோரும் தோட்டத்துக்குப் போன நேரத்தில் உங்கள் களத்தில் செங்கல் வைத்துச் சுற்றுவேன். நீ காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்தபடி சத்தம் போடுவாய். "கீழ பாக்காதீங்க, போற பக்கம் பாருங்க! கிளட்ச்ச முழுசா உடாதீங்க! முன் பிரேக்க மறந்துருங்க!" எத்தனை தடவை விழுந்தேன்! இப்போது மாட்டுவண்டித் தடத்தின் அகலத்தில் கால் ஊன்றாமல் திருப்புகிறேன். ஊரே மெச்சுகிறது. ஒருவர்கூட நீ சொல்லிக் கொடுத்தது என்று சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை. அந்தக் கட்டிலில் உட்கார்ந்து நீ என்னதான் நினைத்தாய்?

மஞ்சள் காமாலையில் நீ கண் மூடியபோதும் பேச்சு அதுதான்: "வண்டி ஆசைல கெட்டான் பையன்." தீச்சட்டியின் பின்னால் நடந்த எனக்கு அப்போதும் வாய் வரவில்லை.

நேற்று உன் வீட்டுக்குப் போய், சரசுவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாட்டுக்குப் பிசைந்துகொண்டிருந்த தவிட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. எப்போதும் போல மரியாதை குறையாமல் கேட்டார்: "என்ற பையன நான் பேசுன பேச்செல்லாம் இனி யாருகிட்டப் போயி திருப்பி வாங்கறதுங்க மாப்ள?"



வரும் ஞாயிறு உனக்குப் படையல் போட்டுச் சாமி கும்பிட உறவெல்லாம் கூடுகிறது. பொள்ளாச்சிக்காரர்களையும் நானே போய் அழைத்திருக்கிறேன். இலை போடும் முன் எழுந்து நின்று சொல்வேன்: ஓட்டத் தெரியாதவன் நான், நாச்சிமுத்து அல்ல. உன் அம்மாவின் முன்னால், அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்வேன். சத்தியம்.

உன் காலையும் உன் பேரையும் கெடுத்த,
உன் அக்கா புருஷன்