நாகநாதனின் மைக்

அன்பு மகள் சுடர்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், நொய்டாவில் குளிர் ஆரம்பித்திருக்குமே, உன் உடம்பு எப்படி இருக்கிறது? மன்னார்குடியில் மழை விட்டுவிட்டது, வயலில் தண்ணீர் வடிந்து சம்பாப் பயிர் தலைதூக்கிவிட்டது, அப்பா மேலுரம் போடப் போயிருக்கிறார். போனில் பேசினால் "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா சங்கம்" என்று பாதியிலேயே நிறுத்திவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

டி.வி. நிருபர் நாகநாதனை உனக்குத் தெரியும், உன் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவன். பாமணியாற்றில் உடைப்பு எடுத்ததைப் படம்பிடிக்கப் போனவன், கரை சரிந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் கிடந்தவனைப் பார்க்க அவனுடைய சேனலிலிருந்து ஒருவர் வந்தாராம். உதவி செய்யத்தான் வந்திருக்கிறார் என்று அவன் மனைவி மீனா நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறாள். அவரோ உட்காரவேயில்லை, "மைக் எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். சேனல் பேர் போட்ட அந்த மைக்கில் அப்பியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்துக் கொடுத்தேன் அக்கா என்று என்னிடம் சொல்லி அழுதாள். செலவைப் பற்றிக் கேட்டதற்கு, அவர் எங்கள் ஊழியர் இல்லை, செய்தி கொடுத்தால் காசு வாங்கிக்கொள்பவர், அவ்வளவுதான் என்றார்களாம்.

மறுநாள் அதே சேனலிலிருந்து எனக்கே போன். மன்னார்குடிச் செய்திகளை இனி நீங்களே பாருங்கள் மேடம் என்றார்கள். இத்தனை வருஷம் பத்திரிகைக்கு எழுதியும் டி.வி. பக்கம் எனக்கு வாய்ப்பு வந்ததில்லை. ஆசை வந்ததடி, பொய் சொல்ல மாட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நாகநாதனிடமே போய்க் கேட்டேன். அவன் முகம் கோணாமல், "மைக்கை நீங்களே வாங்கிக்குங்கக்கா, யாரோ எவரோ வாங்குறதுக்கு நீங்க வாங்குனா நல்லதுதானே" என்றான். அவன் ஏசியிருந்தால்கூட வாங்கியிருப்பேனோ என்னவோ, அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் யூடியூப் சேனல் வைத்திருக்கிற ஃபாஜில் வாசலில் கோபமாக நிற்கிறான். "நீங்க சரின்னுட்டீங்களாம், அந்தச் சேனல்ல என்னை வீடியோ மட்டும் அனுப்பச் சொல்றாங்க, இப்படிச் செய்யலாமாக்கா?" என்கிறான். நான் எங்கே சரி சொன்னேன்! ஒருவர் பேரைச் சொல்லி இன்னொருவரை மடக்கப் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கே ஊரில் இருக்கிற நிருபர்கள் எல்லோரையும் நம் வீட்டில் கூட்டினோம். ஒரு செய்தியை முந்தித் தருவதற்காக முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட வந்தார்கள். யாரும் அந்த மைக்கைத் தொடுவதில்லை என்று முடிவானது.

அதன்பிறகு தஞ்சாவூருக்குப் போய்ப் பத்திரிகையாளர் சங்கச் செயலாளர் தியாகராசனைப் பார்த்தோம். நல்ல மனிதர், ஆனால் நியமன ஆர்டர் இல்லாதவர்களைச் சேர்க்க விதியில் இடமில்லையே அம்மா என்றார். எனக்கு ஆற்றாமையாகிவிட்டது. "ஆர்டர் இருக்கிறவங்க இன்னும் எத்தனை பேரு சார் மிச்சம்?" என்று கேட்டுவிட்டேன். போன வருஷம் அவர் வேலை பார்த்த பத்திரிகையின் தஞ்சாவூர்ப் பதிப்பையே மூடி அவரையும் அனுப்பிவிட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது, தெரிந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன். ஆனாலும் அவர்தான் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவந்தார். செல்போன் வைத்திருக்கிறவனெல்லாம் நிருபரா என்று ஃபாஜிலைக் காட்டிச் சிலர் சண்டை போட்டார்கள். உடைப்பெடுத்த இடத்திலிருந்து நாகநாதனைத் தூக்கி வந்தவனே இவன்தான் என்று நான் எழுந்து சொன்னேன். தீர்மானம் நிறைவேறியது. ஆர்டர் இல்லாத தாலுகா நிருபர்களும் இப்போது உறுப்பினர்கள்.

சேனலுக்குச் சங்கத்தின் கடிதம் போனது, வெள்ளச் சேதம் பார்க்க மந்திரி வந்த நாளில் அந்தச் சேனலுக்குப் படம் கொடுக்க இங்கே ஆளும் இல்லை. சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொண்டு, நாகநாதன் எங்கள் நிருபர்தான் என்று கைப்பட எழுதிக் கொடுத்தார்கள். வேலைக்கு உத்தரவாதம் மட்டும் தரவில்லை, அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். என் பத்திரிகையில் அதற்குப் பிறகு நான் அனுப்பும் எதுவும் வருவதில்லை. யாரும் காரணம் சொல்லவில்லை, நானும் அனுப்புவதை நிறுத்தவில்லை. காலையில் பேப்பரைப் பிரிக்கும்போது மனசு வலிக்கத்தான் செய்கிறது.

உன் ஆபீசில் மொழிபெயர்ப்பைக் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது என்று ஆட்களைக் குறைத்ததாகவும், என் பேர் அதில் இல்லையம்மா, கவலைப்படாதே என்றும் சொன்னாய். சந்தோஷம்தான். ஆனால் நீ போன புதிதில் தங்க இடமில்லாமல் நின்றபோது தன் அறையில் சேர்த்துக்கொண்ட பூமிகாவின் பேர் இருந்ததே, அவளைப் பற்றி அதற்குமேல் நீ ஒரு வார்த்தையும் பேசவில்லை. உன்னைச் சங்கம் வை, கொடி பிடி என்று சொல்ல மாட்டேன், உன் ஊரும் ஆபீசும் எனக்குத் தெரியாது. தனியாக இருக்கிறவர்களைத்தான் எளிதாகக் கழித்துவிடுகிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இத்துடன் பருப்புப் பொடி அனுப்பியிருக்கிறேன். நீயும் அவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். மறக்காமல் பூமிகாவுக்கு ஒரு போன் போடு. என்ன பேசுவதென்று தெரியாவிட்டால், சாப்பிட்டாயா என்று கேள். மற்றதை அவள் சொல்லுவாள்.

என்றும் உன் அம்மா,
செந்தாமரை வைரக்கண்ணு