காரில் போன ஆடி அமாவாசை

ஜூலை 21, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஏரிப் பக்கமிருந்து ஒரு பொட்டுக் காற்று இல்லை. மோட்டார் மறுபடி தகராறு. பிளம்பருக்குப் போன் போட்டால், "தோ வந்துகினே கீறேன்க்கா." இந்தப் பாட்டை வெள்ளிக்கிழமையிலிருந்து பாடுகிறான்.

செய்ய வேண்டியவை: கேஸ் புக்கிங். இட்லி மாவு. செந்திலின் ஃபாக்டரி யூனிஃபார்மில் பட்டன். மாமா, அத்தை டூருக்கு டிரைவர் பெயர், நம்பர் அனுப்ப.

டூர் ஒருவழியாக முடிவானது. ஐந்து வருடமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்றாவது மாடியில் ஹெட்செட்டோடு உட்கார்ந்துகொண்டு, நான் கண்ணால் பார்க்காத இங்கிலாந்து கிராமங்களுக்கு யார் யாரையோ கார் வைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கல் பாலம், கூரை வேய்ந்த வீடு, பழைய மடம். எந்த ஊரில் டாய்லெட் எந்தப் பக்கம் என்பது வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வருடத்துக்கு ஒருமுறை ஸ்டாஃப் வீட்டாருக்குச் சலுகையில் கார் உண்டு. மாமனாரும் மாமியாரும் இங்கிலாந்தில், ரெடிங்கில் நாத்தனார் வீட்டில் இருக்கும்போதே அதை வாங்கிவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். கிடைத்தது. வியாழக்கிழமை. தனி கார், தனி டிரைவர். ஸ்டோன்ஹெஞ்ச் கற்கள், லேகாக் கிராமம், பாத் நகரம்.

அத்தை, போனுக்குப் பின்னாலிருந்து மகளிடம்: "போன் எடுக்கிற வேலைக்கு இதெல்லாம்கூடத் தராங்களா?" என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னது. விழுந்தது.

மாமா மட்டும், "நீ தினம் ஆளுங்கள எங்க அனுப்புறேன்னு நானும் போய்ப் பாத்துட்டு வரேம்மா" என்றார். அந்த வீட்டில் என் வேலையை வேலை என்று சொல்கிற ஒரே ஆள். அவருக்காகத்தான் இத்தனையும்.

வியாழன் ராகு காலம் மதியம். எமகண்டம் விடியற்காலை. இரண்டையும் தள்ளித்தான் புறப்படும் நேரம் போட்டிருக்கிறேன். அத்தை குறை சொல்ல இடமே வைக்கவில்லை.

ஜூலை 23, புதன்

இடம் வைத்துவிட்டேன்.

காலையில் ஸ்டேஷன் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கப் போனால், பார்க்கிற இடமெல்லாம் அகத்திக்கீரைக் கட்டு, வாழைக்காய், பூசணிக்கீற்று. கீரைக்கார அம்மா: "இன்னாம்மா, அகத்தி வாணாவா? நாளிக்கு ஆடி அமாவாச ஆச்சே!" கத்தரிக்காயை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுச் சுவரில் தினக்காலண்டர் ஜூன் 9-இல் நிற்கிறது. தாள் கிழிப்பது மாமாவின் வேலை. அவர் விமானம் ஏறிய நாளோடு எங்கள் வீட்டில் தேதியும் நின்றுவிட்டது. இரண்டு பேர் சம்பாதிக்கிற வீடு, ஒரு தாள் கிழிக்க ஆள் இல்லை. ரெடிங்கில் தமிழ்க் காலண்டரே இல்லை.

வேறு அமாவாசை என்றால் போகட்டும். இது ஆடி அமாவாசை. செத்துப்போன அப்பா அம்மாவுக்குச் சோறு வைத்து, காக்கை வந்து வாய் வைத்த பிறகுதான் மாமா அன்று சாப்பிடுவார். போன வருடம் கண் ஆபரேஷனில் படுத்திருந்ததால் வைக்க முடியவில்லை. அடுத்த மாதமே முத்தாபுதுப்பேட்டையில் அவருடைய தம்பி பைக்கிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று யார் ஆரம்பித்தாலும் மாமா எழுந்து போய்விடுவார். பெற்றவர்களைப் பட்டினி போட்டதால் தம்பி போனான் என்பது அவர் மனதில் இருப்பது. அடுத்தது மகன் செந்திலோ என்ற பயம். வாய் திறந்து சொன்னதில்லை. செந்தில் வீட்டுக்கு வரக் கொஞ்சம் நேரமானால் வாசலுக்கும் பால்கனிக்கும் நடப்பார். அது போதாதா.

போன் செய்து சொன்னேன். "நாளைக்கா?" என்றார்.

தேதி மாற்ற மேனேஜரைக் கேட்டேன். சலுகை கார் மாற்றினால் ரத்து, மறுபடி கிடையாதாம். மாமா: "வேணாம்மா. எனக்காக நீ ஆபீஸ்ல பேச்சு வாங்காத. காக்கா இல்லாத ஊரு எங்கயாச்சும் உண்டா? காலைல தோட்டத்துல வச்சிட்டு, ஒரு வாய் சாப்ட்டுட்டுக் கிளம்பறோம்."

அத்தை: "நாள் பாத்த மகராசிக்கு அமாவாச தெரியல."

சரியாகத்தானே சொல்கிறார்கள்.

ஜூலை 24, வியாழன்

மதியம், ஆபீஸ். ஏசி ஓடவில்லை. பக்கத்து சீட் ஜெனிஃபர் ஃபைலால் விசிறிக்கொள்கிறாள். அங்கே இப்போதுதான் காலை.

அத்தை போன். தோட்டத்துச் சுவரில் சோறு வைத்து மாமா கா கா என்று கூப்பிட்டாராம். புறா வந்தது. அணில் வந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் எட்டிப் பார்த்தார். காக்கை வரவில்லை. கார் வாசலில் வந்து நிற்கிறது.

"அப்போ சாப்பிடலையா?"

"காப்பி மட்டும்தான். மாத்திர வேற போட்டுக்கிட்டாரு."

தலையில் அடித்துக்கொண்டேன். இங்கே அவர் முறை: குளியல், சர்க்கரை மாத்திரை, பால்கனியில் சோறு, காக்கை, சாப்பாடு. கொரட்டூர் காக்கை ஒரு நாளும் அவரைக் காயப் போட்டதில்லை. அந்த நம்பிக்கையில் அங்கேயும் மாத்திரையை முதலில் விழுங்கியிருக்கிறார். இந்த மாத்திரை போட்டால் வெறும் வயிற்றோடு இருக்கவே கூடாது என்று டாக்டர் என் எதிரில்தான் சொன்னார்.

"போற வழியெல்லாம் காடும் கழனியும்தானாமே, அங்க கிடைக்காதா" என்று மாமாவே காரில் ஏறிவிட்டார். சோறு, வாழைக்காய்ப் பொரியல், பருப்பு எல்லாம் டப்பாவில்.

மூன்று கால் எடுத்தேன். ஒருவரிடம் பாத் என்பதற்குப் பதில் ஆவடி என்று சொல்லிவிட்டேன்.

—

ஸ்டோன்ஹெஞ்ச்சிலிருந்து மாமா: "கல்லு மேலயே உக்காந்திருக்கும்மா. ஆனா நம்ம காக்கா மாதிரி இல்ல. சின்னதா, கண்ணு வெள்ளையா." வேலியோரம் சோறு வைத்ததும் அங்கே வேலை செய்கிற பெண் ஒருத்தி வந்து, மரியாதையாகவே, எடுத்துவிடச் சொன்னாளாம்.

கல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பெருசா இருக்கு" என்றார். எத்தனையோ பேரை அனுப்பிய இடம். என் வீட்டு மனுஷர் போய் நின்று, பறவையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்.

ஏதாவது சாப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். "ஆவட்டும்மா, ஆவட்டும்." குரல் இழுத்தது.

செந்திலுக்கு அடித்தேன். ஃபாக்டரி கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது தெரிந்தும் அடித்தேன். நாத்தனார் ஆஸ்பத்திரி டியூட்டி. அவள் போனும் லாக்கரில்.

—

சாயங்காலம். லேகாக்கிலிருந்து டிரைவர் கீத் நேராக என் லைனுக்கு. பெரியவருக்கு வியர்வை, கை நடுக்கம், காரிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறார், ஒன்று கேட்டால் ஒன்று சொல்கிறார். ஆம்புலன்ஸைக் கூப்பிடு, உடனே ஜூஸ் கொடு என்றேன். கூப்பிட்டாயிற்றாம், வந்துகொண்டிருக்கிறதாம், கிராமம், நேரமாகும். ஜூஸ் பாட்டில் கையில்தான் இருக்கிறது. வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறார்.

அத்தை அழுகிறார்கள். அத்தை அழுது நான் கேட்டதே இல்லை. "வாயத் தொறக்க மாட்றாரு ரேவதி. எங்கப்பா பட்டினி, எங்கப்பா பட்டினின்றாரு. செந்தில் பேரச் சொல்றாரு. நான் என்னடி பண்ணுவேன்."

என்ன யோசித்தேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. ஹெட்செட்டைக் கழற்றி ஜெனிஃபர் கையில் கொடுத்துவிட்டு, என் போனில் அத்தையைக் கூப்பிட்டேன். "அத்தை, வீடியோல வாங்க. நான் இங்க வைக்கிறேன். இங்க இருக்கிற காக்காதானே மாமாவோட அப்பா அம்மா. அவங்க எதுக்கு லண்டனுக்குப் போகணும்?"

கேன்டீனில் எலுமிச்சை சாதம் மட்டும். எதிர் மெஸ்ஸுக்கு ஓடி ஒரு கரண்டி வெள்ளைச் சோறு, இலைத் துண்டு. மொட்டை மாடி பூட்டு. பின்பக்கம் ஜெனரேட்டர் அருகே காம்பவுண்டு சுவரில் வைத்தேன். கழுத்தில் ஐடி கார்டு, கையில் போன், கா கா என்று கத்துகிறேன். செக்யூரிட்டி தனபால் அண்ணன் ஓடி வந்தார்.

"இன்னா மேடம், இன்னாத்துக்குக் கத்திகினு கீறீங்க?"

சொன்னேன். தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, "கா! கா! வா நைனா, வந்து துன்னுட்டுப் போ!" என்று அவரும் சேர்ந்துகொண்டார்.

காக்கைக்குப் பஞ்சமில்லை. எல்லாம் மேலே, ஏரிப் பக்கம், மரம் தேடிப் போய்க்கொண்டிருந்தன. பொழுது சாய்கிற நேரத்தில் யாருக்கு வேண்டும் சோறு. ஒன்றே ஒன்று தண்ணீர் டேங்க் மேல் வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துச் சோற்றைப் பார்த்தது. இறங்கவில்லை. சாமி, முருகா, பெரியபாளையத்தம்மா, எல்லாரையும் கூப்பிட்டாயிற்று. அது அலகை டேங்க்கில் தேய்த்துக்கொண்டிருந்தது.

போனில் மாமா முகம். வியர்வையில் விபூதி கரைந்து கண்ணில் வழிகிறது. கண் என்னைப் பார்க்கிறதா என்றே தெரியவில்லை.

போனைத் திருப்பி டேங்க் மேலிருந்த காக்கையை மட்டும் காட்டினேன். சோறு வைத்த சுவர் தெரியாமல் பிடித்துக்கொண்டேன். "மாமா, வந்துடுச்சு மாமா. வாய் வச்சுடுச்சு. பாருங்க, சாப்பிடுது."

அத்தை முகம் திரைக்குக் கிட்டே வந்தது. பார்த்தார்கள்.

"ஆமாங்க" என்றார்கள் அத்தை. "துன்னுது பாருங்க. உங்கப்பாவேதான். உங்களத்தான் பாக்குறாரு. வாயத் தொறங்க."

திறந்தார். ஜூஸ் உள்ளே போவதைப் பார்த்தேன். லைன் அறுந்தது.

சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தனபால் அண்ணன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

—

கீத் மறுபடி. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. இறங்கிய சர்க்கரை ஏறுகிறது, பேசுகிறார், காரிலேயே உட்கார்ந்து பருப்புச் சோறு சாப்பிடுகிறார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நினைவே போயிருக்கும் என்றார்களாம். பாத் ரத்து. நேராக வீடு.

கிளம்பும்போது பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சோறு வைத்தபடியே இருந்தது. எறும்பு மட்டும்.

ஜூலை 25, வெள்ளி

மழை வருகிற மாதிரி இருட்டி, வராமல் போய்விட்டது. பிளம்பர் வந்தான். வாஷர்தானாம்.

செந்தில், சாப்பிடும்போது: "நல்ல வேளை காக்கா வந்துச்சு." இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்டேன். சொல்லத்தான் நினைத்தேன். இவருக்குத் தெரிந்தால் மாமாவுக்குத் தெரிய எத்தனை நாளாகும்? இவர் வாயில் வெந்நீர்கூட ஆறாது.

அசிங்கமாக இருக்கிறது. உயிர் போகிற நேரத்தில் பொய் சொன்னால் பாவமில்லை என்று எனக்கு நானே நூறு தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. சரிதான். ஆனால் சொன்னது யார் பேரில்? நான் பார்த்தேயிராத, மாமாவைப் பெற்றவர்கள் பேரில். அவர்கள் இந்த வருடமும் பட்டினி. அதை அவருக்குத் தெரியாமல் செய்தது நான். நம்பிக்கை எனக்கு உண்டா இல்லையா என்று கேட்டால் இல்லை என்றுதான் இதுநாள் வரை சொல்லியிருப்பேன். இன்று செந்தில் பைக்கை எடுத்தபோது பால்கனியில் போய் நின்றேன். தெரு முனை திரும்பும் வரை நின்றேன்.

காலண்டர் தாள் கிழித்தேன். மொத்தமாக. குப்பைக் கூடை நிறைந்தது.

ஜூலை 26, சனி

லீவு. துணி ஊற வைத்தது. வெயில் சுள்ளென்று.

மாமா வீடியோவில். முகம் தெளிந்துவிட்டது. நாத்தனார் திட்டித் தீர்த்துவிட்டாளாம், சிரித்துக்கொண்டே சொல்கிறார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரருக்குக்கூடக் கதை சொல்லியாயிற்றாம், கையை இறக்கை மாதிரி ஆட்டிக் காட்டி.

"இங்க தொண்ட கிழியக் கத்தியும் வரலம்மா. அங்க உன் கைக்கு வந்துச்சு பாத்தியா. எங்கப்பாவுக்கு உன்னைத் தெரிஞ்சிருக்கு."

நான் ஏதோ தலையாட்டினேன்.

"ஒண்ணு பண்ணும்மா. நாங்க வர்ற வரைக்கும் மாசா மாசம் நீயே வச்சிடு. எனக்கும் நிம்மதி."

"சரி மாமா."

போனை அத்தை வாங்கினார்கள். நடக்கிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம். மோட்டார் சரியாயிற்றா? ஆயிற்று. செந்தில் நேரத்துக்குச் சாப்பிடுகிறானா? சாப்பிடுகிறார். பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தாயா? இல்லை. வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"கண் ஆபரேஷன் பண்ணது அவருக்குத்தான். என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. அது டேங்க்கை விட்டு எறங்கவே இல்ல."

போன் சத்தத்தைக் குறைத்தேன்.

"அடுத்த அமாவாசைக்கு நெஜமாவே வை" என்றார்கள். "அது துன்ற வரைக்கும் நீயும் சாப்பிடாத."