நான் வைக்காத ஒன்பது விநாடி

மார்ச் 4

விருது எனக்குத்தான். சிறந்த எடிட்டிங். காலையிலிருந்து போன் ஓயவில்லை. நடுவர் குறிப்பை மூன்று முறை படித்தேன். ஆஸ்பத்திரிக் காட்சியில் 'மனைவியின் முகத்தை விட்டு நகராத நீண்ட மௌனம்' என்று புகழ்ந்திருக்கிறார்கள். எந்த மௌனம்? டாக்டர் கதவைச் சாத்தியதுமே வெட்டிவிட்டேனே! இவர்கள் படத்தைப் பார்த்தார்களா, இல்லையா?

மார்ச் 5

முடித்த படத்தை நான் மறுபடி பார்ப்பதில்லை. இன்று மதியக் காட்சிக்குப் போனேன். டாக்டர் கதவைச் சாத்தினார். வெட்டு வரவில்லை. அவள் முகம் அப்படியே நின்றது, ஒன்பது விநாடி. பக்கத்து இருக்கைக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

யாரோ என் வேலையில் கை வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 7

டைரக்டரைக் கேட்டேன். "என்ன மேடம், விளையாடுறீங்களா? நீங்க வச்ச ஷாட்தானே?" என்றார். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. முப்பது வருஷமாகப் பொய்ச் சிரிப்பை வெட்டி எறிகிறவளிடமா இந்த நடிப்பு?

மார்ச் 8

சவுண்ட் எஞ்சினியர் என்னைக் கண்டதும் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். இவரும் கூட்டு.

மார்ச் 10

கம்ப்யூட்டரில் தேடினேன். அந்தக் காட்சி மாறிய தேதியில் நான் கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு படுத்திருந்தேன். அன்று எடிட்டிங் அறைச் சாவி நெட்டையிடம். பத்தொன்பது வருஷமாக என் உதவியாளர் — சே, அவளா?

மார்ச் 11

கேட்டேவிட்டேன். மறுக்கவே இல்லை.

"நான்தான்க்கா. டைரக்டர்கிட்ட நீங்க வச்சதுன்னு சொன்னேன்."

"என்ன தைரியம்டி உனக்கு?"

"அத்தான் தவறிப்போனதுக்கப்புறம் மூணு படம். யாராவது அழப்போறாங்கன்னாலே வெட்டிடுறீங்க. சொன்னா கேப்பீங்களா? நீங்க யாரைத்தான் நம்புறீங்க?"

வெளியே போ என்று கத்தினேன். போய்விட்டாள். பிறகு மூன்று படங்களையும் ஓட்டிப் பார்த்தேன். பாவி, சரியாத்தான் சொல்லியிருக்கா. ஒருத்தரையும் நான் அழ விடல. பயம். வேற என்ன?

மார்ச் 12

வெளியே சொல்லிவிடுவாளோ? விருதைப் பிடுங்கிக்கொள்வார்களோ? இப்படி நினைக்கிறேனே, எனக்கு வெட்கமாக இல்லை?

மார்ச் 20

விழா. மேடையில் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டேன். "அந்த மௌனத்தை நான் வெட்டிட்டேன். திருப்பி வச்சது என் உதவியாளர்." அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

மார்ச் 21

பேப்பரில் 'என்ன ஒரு தன்னடக்கம்!' என்று எழுதியிருக்கிறார்கள். நான் சொன்னது உண்மைய்யா! அவளைப் பற்றி ஒரு வரிகூடப் போடவில்லை.

ஏப்ரல் 16

நெட்டை இப்போது வேறிடத்தில் தனியாக ஒரு படம் எடிட் செய்கிறாள். "ஒரு சீன் சிக்கலா இருக்குக்கா, வந்து பாக்குறீங்களா?" என்று போன். என்ன திட்டம் வைத்திருக்கிறாளோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

திரையில் ஒரு பெண், காலிக் கட்டிலின் விரிப்பை மடிக்கிறாள். மடித்துக்கொண்டே இருக்கிறாள். வெட்டு வரவில்லை. என் வீட்டுக்காரர் போன அன்றும் வராத அழுகை எனக்கு வந்தது, சத்தமாகவே. நெட்டை திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஓயும்வரை காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

அந்த சீனில் ஒரு சிக்கலும் இல்லை. எனக்குத் தெரியாதா? ஏன் கூப்பிட்டாள் என்று கேட்கவில்லை.