கரைக்கு ஒரு டிக்கெட்

கொருன்யா துறைமுகம்,
செவ்வாய் மாலை

அன்புள்ள பெரில் அக்காவுக்கு,

நான் நலம். நீயும் உன் இடுப்புவலியும் எப்படி இருக்கிறீர்கள்? இந்தக் கடிதம் விட்பியில் உன் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் நான் கெட்டரிங்கில் எங்கள் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருப்பேன், இல்லாவிட்டால் கடலுக்கடியில் கிடப்பேன். போன் செய்தால் உனக்குக் காது கேட்பதில்லை, கத்திப் பேசினால் அடுத்த அறைக்காரர்கள் சுவரைத் தட்டுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பிஸ்கே விரிகுடாவில் கப்பல் ஆடிய ஆட்டத்தைச் சொன்னால் நம்பமாட்டாய். ஆனால் இன்றைக்கு எனக்கு நடந்ததற்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

எந்த ஊரில் இறங்கி எந்தச் சுற்றுலாவுக்குப் போவது என்று குளிர்காலத்திலேயே கிளைவ் உட்கார்ந்து தேர்ந்தெடுத்துவிட்டார். நான் அந்தச் சுற்றுலாப் புத்தகத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. உனக்குத்தான் தெரியுமே, நாற்பத்து மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் அப்படித்தான். பாஸ்போர்ட், சாவி, டிக்கெட் எல்லாம் அவர் சட்டைப்பையில். அந்தப் பைக்குப் பக்கத்தில் நான்.

காலையில் சுற்றுலா போகிறவர்களையெல்லாம் கப்பலின் நாடக அரங்கில் உட்கார வைத்து, பஸ் எண் போட்ட ஸ்டிக்கர் கொடுத்தார்கள். பதினாலு என்று எழுதியதைக் கிளைவ் என் கம்பளிச் சட்டையில் ஒட்டினார். ஒட்டிவிட்டு, "முட்டி மடங்க மாட்டேங்குது நோரி. நீ போயிட்டு வா" என்றார். நான், "நீங்க இல்லாம நான் போறதா? எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றேன். "ரெண்டே மணி நேரம். பஸ்ஸ விட்டு இறங்கக்கூட வேண்டாம். டிக்கெட் வீணாப் போயிடும்ல" என்றார். எதையும் வீணாக்க எனக்கு மனசு வராது என்று அவருக்குத் தெரியும்.

போனேன். கலங்கரை விளக்கம் பார்த்ததாகவும், கண்ணாடி மாடங்கள் வைத்த வீடுகளைப் பார்த்ததாகவும் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் வழிகாட்டிப் பெண் தூக்கிப் பிடித்திருந்த பதினாலாம் எண் அட்டையைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. கைக்குட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. பக்கத்தில் டில்லிஸ் இருந்ததால் பிழைத்தேன். வேல்ஸ்காரி, கணவரை இழந்தவள், எங்கள் சாப்பாட்டு மேஜையில்தான் உட்காருகிறாள். முதல் நாளே கிளைவ் அவளைச் சிநேகம் பிடித்துவிட்டார்.

அதிருக்கட்டும். பின்னறைக்கு மஞ்சள் அடித்ததாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, உனக்கு எப்போதிலிருந்து மஞ்சள் பிடிக்க ஆரம்பித்தது? மஞ்சள் பைத்தியம் நான்தானே! வயதான காலத்தில் உன் புத்தி மாறுகிறது போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நடுக்கம் இன்னும் தீராத உன் தங்கை,
நோரீன்


கிஹோன்,
புதன்

அன்புள்ள அக்கா,

இன்றைக்கும் அவர் வரவில்லை. இன்று ஒவியேதோ ஊருக்கு நாலு மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் நம் இஷ்டப்படி சுற்றலாமாம். எனக்கு ஏது இஷ்டம்? டில்லிஸ் ஆப்பிள் மது குடிக்கப் போய்விட்டாள். நான் தேவாலயத்துக்கு எதிரே ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு மணி நேரமும் நின்றேன். கிளைவ் கொட்டை எழுத்தில் கப்பல் பெயரும் தன் போன் எண்ணும் எழுதிக் கொடுத்த அட்டை என் பையில் இருந்தது. தொலைந்துபோகிற குழந்தைக்குச் சட்டையில் குத்தி அனுப்புவார்களே, அந்த மாதிரி.

திரும்பி வந்ததும் நேரே சுற்றுலாக் கவுண்டருக்குப் போனேன். நாளைக்கு சந்தாந்தேரில் என் டிக்கெட்டை ரத்து செய்யுங்கள், கணவருக்குத் திடீரென்று முட்டிவலி, நாங்கள் இரண்டு பேருமே போகவில்லை என்றேன். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரா? இல்லம்மா, மூணு ஊருக்கும் ஒரே ஒரு டிக்கெட்தான். உங்க பேர்ல மட்டும். பிப்ரவரியிலயே போட்டிருக்கு" என்றாள். நான் மறுபடியும் பார்க்கச் சொன்னேன். மறுபடியும் பார்த்தாள். என் பெயர் மட்டும்தான் இருந்தது.

பிப்ரவரியில் அவருக்கு முட்டிவலி இல்லை, அக்கா. ஏப்ரலில்கூட உருளைக்கிழங்குப் பாத்தி முழுவதையும் தனியாளாகக் கொத்தினார். நடுவில் மூன்று தடவை உட்கார்ந்தார், அதை வயசு என்று நினைத்துக்கொண்டேன். அதே பிப்ரவரியில் கண்ணாடி மாற்றுகிறேன் என்று இரண்டு முறை லெஸ்டருக்குப் போய்வந்தார். கெட்டரிங்கில் மூன்று கண்ணாடிக் கடை இருக்கும்போது அவ்வளவு தூரம் லெஸ்டருக்கு எதற்கு என்று கேட்டதற்குச் சிரித்து மழுப்பிவிட்டார். இப்போதும் பழைய கண்ணாடியைத்தான் போட்டிருக்கிறார். காலையில் அவருடைய பெல்ட்டைப் பார்த்தேன். ஆணியால் அவரே புதிதாக ஒரு துளை போட்டிருக்கிறார், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

ராத்திரி சாப்பாட்டில் கிளைவ் டில்லிஸிடம், "ஒத்தையா உக்காந்து சாப்பிட எப்படிப் பழகுனீங்க?" என்று கேட்டார். ஏதோ வானிலையை விசாரிப்பது போலக் கேட்டார். அவள், "மொத வருஷம் ரேடியோவ எதிர்ல வெச்சுக்கிட்டேன். என் வீட்டுக்காரர விட அது தேவல, உப்பு பத்தலன்னு சொல்லாது" என்றாள். மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். கிளைவும் சிரித்தார். பிறகு என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மீனைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினேன்.

ஏன் நேரே கேட்கக்கூடாது என்று நீ நினைப்பாய். கேட்டால் சொல்லிவிடுவார். எனக்கு அதுதான் பயம்.

டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. நாளைக்குப் போகிறேன். ரத்து செய்தால் ஏன் என்று அவர் கேட்பார்.

உன்,
நோரீன்


கப்பலில்,
வியாழன்

அக்கா,

இன்றைக்கு நான் ஒரு கெட்ட காரியம் செய்தேன். உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

பழைய கல்தெருக்கள் இருக்கும் ஒரு ஊருக்குக் கூட்டிப்போய்விட்டு, பஸ் இரண்டு மணிக்கெல்லாம் எங்களைத் துறைமுகத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டது. அக்கா, இன்றைக்கு எனக்கு அவ்வளவு பயமாக இல்லை. ஒரு கடையில் தனியாகப் போய், விரலால் காட்டி, உனக்கு ஒரு டப்பா நெத்திலி கூட வாங்கினேன். வாங்கிவிட்டு வெளியே வந்தபோதுதான் உறைத்தது. அவர் என்னைப் பழக்குகிறார். முதலில் இரண்டு மணி நேரம், பிறகு நாலு, இன்று ஆறு. நாளைக்குப் பில்பாவில் சுற்றுலாவே போடவில்லை, நீயே மெட்ரோ ரயிலில் போய்வா என்று நேற்றே சொல்லிவிட்டார். நான் பழகிவிட்டால் அவருக்கு வேலை முடிந்துவிடும். நிம்மதியாகக் கிளம்பிவிடுவார்.

அதனால் பழகமாட்டேன் என்று முடிவு செய்தேன். இவள் ஒன்றுக்கும் ஆகமாட்டாள், இவளை விட்டுவிட்டு எங்கேயும் போக முடியாது என்று அவருக்குப் படவேண்டும் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய யோசனையாகத் தெரிந்தது.

கப்பல் கிளம்புவது ஐந்துக்கு. நாலரைக்குள் ஏறிவிட வேண்டும். சுற்றுலா பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நம் பாட்டுக்குச் சுற்றப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. இரண்டு மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கிய நான் கப்பலில் ஏறவில்லை. துறைமுகத்துக்கு எதிரே உள்ள பூங்காவில் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து கப்பலின் ஏழாவது தளம் தெரிந்தது. மூன்று மணிக்குக் கிளைவ் கைப்பிடிக் கம்பி ஓரம் வந்து நின்றார். அந்தப் பழுப்புத் தொப்பியை எங்கிருந்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன். மூன்றரைக்கும் நின்றார். நாலுக்கும் நின்றார், உட்காரவே இல்லை. நாலேகாலுக்குப் பார்த்தால் அந்த இடம் காலியாக இருந்தது.

ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், தண்ணீருக்கு மேலே மிதந்து வந்து பூங்கா வரைக்கும் கேட்டது. எழுந்து ஓடினேன். அறுபத்தெட்டு வயதில், நெத்திலி டப்பா பையில் குலுங்க ஓடினேன். தாமதமாக ஓடி வருகிறவர்களை மேலே நின்று கைதட்டி வேடிக்கை பார்ப்பது இந்தக் கப்பல் பயணிகளுக்கு ஒரு பழக்கம். "ஓடும்மா ஓடு! கேப்டன் வண்டிய எடுக்கப் போறாரு!" என்று சீட்டியடித்துக் கத்தினார்கள்.

அவர் கீழே இறங்கி வந்திருந்தார். துறைமுக வேலியை ஒரு கையால் பிடித்துப் பிடித்து, என்னைத் தேடிக்கொண்டு ஊருக்குள் போக வந்துகொண்டிருந்தார். தொப்பி இல்லை. முகம் சாம்பல் நிறம். இந்த நாற்பத்து மூன்று வருஷத்தில் நான் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததே இல்லை.

என் கையைப் பிடித்துக்கொண்டு, "வழி தப்பிட்டியா நோரி? என் தப்புதான். அவசரப்பட்டுட்டேன். உன்ன இவ்ளோ சீக்கிரம் அனுப்பியிருக்கக் கூடாது" என்றார். ஆமாம், வழி தப்பிவிட்டேன் என்று சொன்னேன். நடைபாலத்தில் ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்றார். மூன்று இடத்திலும் கடலைப் பார்க்க நிற்பது போல நடித்தார். நானும் கடலைப் பார்ப்பது போல நடித்தேன்.

அவருக்குத் தன்னைப் பற்றிப் பயமே இல்லை, அக்கா. இருக்கிற பயமெல்லாம் என்னைப் பற்றித்தான். அதை இன்று நான் இரண்டு மடங்காக்கிவிட்டேன். என்னை நீ திட்ட வேண்டும், நன்றாகத் திட்டி எழுது.

நோரீன்


பில்பாவ்,
வெள்ளி, பகல் ஒரு மணி

அன்புள்ள அக்கா,

ஆற்றங்கரையில் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தனியாக.

காலையில் அவர், "பில்பாவ் வேண்டாம் விடு. கப்பல்லயே சீட்டாடலாம். நேத்து பட்டது போதும்" என்றார். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு, "நீங்க சீட்டுல ஏமாத்துவீங்க. நான் மெட்ரோவுல போறேன்" என்றேன். அவர் அறை வாசல் வரைக்கும் வந்து என் கோட்டுப் பித்தானைப் போட்டுவிட்டார். அதை நான் ஏற்கெனவே போட்டிருந்தேன். கழற்றிவிட்டு மறுபடியும் போட்டார்.

ரயிலில் முதலில் எதிர்த்திசையில் ஏறிவிட்டேன். யாரைக் கேட்பது, என்ன மொழியில் கேட்பது என்று தெரியவில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கினேன், எதிர்ப்பக்க நடைமேடைக்குப் போனேன், ஏறினேன். அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு வருஷம் பயந்தேன்? இங்கே உருளைக்கிழங்கு ஆம்லெட்டை ரொட்டி மேல் வைத்துக் கொடுக்கிறார்கள். எதிர் நாற்காலியில் என் பையை வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். உப்பு பத்தவில்லை. சொல்வதற்கு ஆள் இல்லை.

நாலரைக்குள் ஏற வேண்டும். நான் மூன்றுக்கே போய்விடுவேன். ஏழாவது தளத்திலிருந்து அவர் பார்க்கும்படி நடு வழியில் நிமிர்ந்து நடந்து போவேன். ரொம்ப சுலபம், குழந்தைகூடப் போய்வரும் என்று சொல்வேன். அவர் முகத்தில் அந்தப் பயம் கொஞ்சமாவது குறைகிறதா என்று பார்க்க வேண்டும். அவராக வாயைத் திறக்கும் வரை ஒன்றும் கேட்கப்போவதில்லை.

அவரிடம் பொய் சொல்கிறேன், உன்னிடம் சொல்ல மாட்டேன். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, அக்கா. ரயிலும் ஊரும் என்னை ஒன்றும் செய்யாது. எங்கே சுற்றினாலும் கைப்பிடி ஓரம் ஒரு பழுப்புத் தொப்பி எனக்காகக் காத்திருக்கிறது என்ற தைரியத்தில்தான் இன்று இவ்வளவு தூரம் வந்தேன். அது இல்லாத நாளில் எனக்கு எந்தத் திசையில் ஏறுவதென்று தெரியாது.

அவர் உனக்கு எழுதியிருக்கிறார் என்று, நீ பின்னறைக்கு மஞ்சள் அடித்ததை நினைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன எழுதினார் என்று சொல்லாதே. நானும் கேட்க மாட்டேன். ஆனால் எனக்காக ஒன்று செய். உன் தையல் மெஷின், பழைய பத்திரிகைகள், பூனையின் கூடை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுபோய் அந்த மஞ்சள் அறையில் போட்டு நிரப்பு. நான் வந்தால் தங்க இடம் இல்லாத அளவுக்கு நிரப்பு. கெஞ்சிக் கேட்கிறேன், அதை எனக்காகத் தயாராக வைத்திருக்காதே.

நீ நூறு வயது நன்றாக இரு.

உன் தங்கை,
நோரீன்