ஓமத் தைலமும் ஆறு மா நிலமும்

786
கூத்தாநல்லூர்
12.11.1973

அன்பு மச்சானுக்கு ரஹ்மத் பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நான் இருக்கிறேன். அங்கே நீங்கள் இருக்கிறீர்கள் என்பதைப் பெருநாளுக்கு வந்த மேலத் தெரு யூனுஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் கப்பலேறி ஒன்றரை வருஷம் ஆகிறது. கேள்விப்பட்ட விலாசத்துக்கு நான் போட்ட நான்கு கடிதங்கள் கடலில் விழுந்தனவா, உங்கள் பெட்டியில் பிரிக்காமல் கிடக்கின்றனவா, தெரியவில்லை.

பினாங்கில் ஜாதிக்காய் எண்ணெய் வடிக்கும் ஆலையில் வேலையாமே? "அண்ணன் பக்கத்துல உக்காந்தாலே ஜாதிக்காய் மணக்குது அண்ணி" என்றான் யூனுஸ். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் பக்கத்தில் யாரோ உட்கார்ந்துவிட்டு வந்து எனக்குச் சொல்கிறார்கள் என்று இருந்தது.

நான் கேட்க வந்தது வேறு. குத்தகைப் பதிவு அன்று நடந்ததிலிருந்து உங்கள் அண்ணன், பெரிய மச்சான், எனக்கு நெல் அளப்பதை நிறுத்திவிட்டார். சும்மா இருக்க முடியவில்லை. மன்னார்குடி மண்டியில் ஓமம் வாங்கி, தெருப் பிள்ளைகளின் வயிற்றுவலிக்கு ஓமத் தண்ணீர் வடித்துக் கொடுக்கிறேன். தைலமாக எடுத்தால் கும்பகோணத்தில் ஒரு வைத்தியசாலை எவ்வளவானாலும் வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறது. ஆனால் எனக்குத் தைலம் பிரிந்து வரவில்லை. ஓமத்தைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டால் அடியில் பிடித்துக் கருகல் நாற்றம் வருகிறது. உங்கள் ஆலையில் எப்படிச் செய்கிறார்கள்?

இது ஒன்றுக்கு மட்டும் பதில் போடுங்கள். மற்றதைப் பற்றி நான் கேட்கவில்லை. நீங்களும் எழுத வேண்டாம்.

உங்கள்
ரஹ்மத் பீவி

•

பினாங்கு
9.12.1973

ரஹ்மத் பீவிக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது.

ஓமம் தண்ணீரைத் தொடக் கூடாது. ஆவிதான் தொட வேண்டும். செம்பு அண்டாவின் அடியில் தண்ணீர். அதற்கு ஒரு சாண் மேலே ஓட்டைத் தட்டு. ஓமத்தை ஒன்றிரண்டாக இடித்து, இடித்த உடனே தட்டில் பரப்பு. இடித்து வைத்துவிட்டுப் போனால் வாசனை காற்றோடு போய்விடும். அழுத்திப் பரப்பாதே, ஆவி ஏற வழி வேண்டும். மூடி ஓரத்தில் மாவு பிசைந்து பூசு. மூடியிலிருந்து செம்புக் குழாயைச் சுருளாக வளைத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டு மறுபக்கம் எடு. ஆவி அங்கே குளிர்ந்து தண்ணீரும் தைலமுமாகச் சொட்டும். கிராம்புத் தைலம் அடியில் இறங்கும். ஓமத் தைலம் மேலே மிதக்கும். மிதப்பதை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய தண்ணீரை அடுத்த ஈட்டுக்கு அண்டாவிலேயே ஊற்று. அதிலும் தைலம் இருக்கிறது.

தீ சிறியதாக எரியட்டும். அவசரப்பட்டால் கெட்டுவிடும்.

வேறு விசேஷம் இல்லை.

ஜெக்கரியா

•

786
கூத்தாநல்லூர்
22.1.1974

என் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள். முதல் முறை ஓமத்துக்காகப் படித்தேன். மற்ற முறையெல்லாம் எதற்காக என்று உங்களுக்குத் தெரியும். அண்டாவுக்கு என்ன வேண்டும் என்று அவ்வளவு எழுதத் தெரிந்தவருக்கு, நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை எழுத மை இல்லாமல் போயிற்றா?

இருக்கட்டும். கும்பகோணத்துப் பாத்திரக்காரரிடம் என் இரண்டு செம்புத் தவலைகளைக் கொடுத்து அண்டாவும் குழாயும் செய்து வாங்கினேன். நம் நிலத்து இளையபெருமாள் மனைவி செவ்வந்தி இடித்துக் கொடுத்தாள். வயல் வேலை போக மிஞ்சிய நேரத்தில் தினமும் வருகிறாள். குழாய் முனையில் முதல் சொட்டு விழுந்தபோது இருவரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு படி ஓமத்துக்கு நான்கு தேக்கரண்டித் தைலம் மிதந்தது. வெளிர் மஞ்சள். கண்ணில் நீர் வரும்படி காரமான வாசனை. "அடி ஆத்தி, தெருவே ஜீரணமாயிடும் போலிருக்கே" என்றாள் செவ்வந்தி. நான் சிரித்து வெகு நாளாயிற்று.

ஒரு பயம். மார்கழிக் குளிரில் சீசாவுக்குள் கண்ணாடிச் சில்லுபோல ஏதோ உறைந்துவிட்டது. தைலம் கெட்டுவிட்டதா? கொட்டிவிடவா?

தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறீர்களா? சூட்டு உடம்பு உங்களுக்கு. நாள் முழுக்க ஆவியில் நிற்கிறீர்கள்.

உங்கள் ரஹ்மத்

•

பினாங்கு
3.3.1974

அன்புள்ள ரஹ்மத்துக்கு,

வ அலைக்கும் ஸலாம். கொட்டிவிடாதே. அது ஓம உப்பு. தைலம் நல்லதாக இருந்தால்தான் உறையும். எங்கள் ஆலைச் சீனக் கங்காணியிடம் சொன்னேன். "உன் மனைவிக்குக் கைப்பக்குவம் இருக்கிறது" என்றார். தனியாக எடுத்து வை, வைத்தியசாலைக்காரர்கள் தைலத்தைவிட அதைத்தான் தேடுவார்கள். குளிர் நாளில் தொட்டித் தண்ணீரை அடிக்கடி மாற்றாதே, கொஞ்சம் வெதுவெதுப்பாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் குழாய்க்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்காதது மை இல்லாமல் அல்ல.

இங்கே மாலையில் வேலை முடிந்து கடற்கரைக்குப் போனால், நாகப்பட்டினம் எந்தப் பக்கம் என்று கண் தானாகத் தேடுகிறது. பிள்ளை இல்லாத வீட்டில் நீ தனியாக இருக்கிறாய் என்று நினைப்பேன். உடனே அந்த நாளும் நினைவுக்கு வந்துவிடும்.

அரை வேலி நிலமும் எங்கள் சொந்தச் சாகுபடி என்று பதிவு அதிகாரி முன் நானும் அண்ணனும் சத்தியம் செய்துவிட்டு நின்றோம். அதில் ஆறு மா நிக்காஹ்வில் உனக்கு மஹராக எழுதிக் கொடுத்தது என்பதால் உன்னையும் கேட்டார்கள். நீ கதவுக்குப் பின்னால் இருந்து, "பதினாலு வருஷமா உழுறது இளையபெருமாள்தான். அவர்தான் குத்தகைக்காரர்" என்றாய். கூடியிருந்த ஊர் என் முகத்தைப் பார்த்தது. நிலம் போகட்டும் ரஹ்மத். நான் பொய் சொன்னேன் என்று உன் வாயால் கேட்டேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அண்ணன் மேல்முறையீடு போட்டிருக்கிறார். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நீ ஒரு கையெழுத்துப் போட்டால் பதிவு ரத்தாகிவிடுமாம். போட்டுவிடு. அடுத்த கப்பலிலேயே வந்துவிடுகிறேன். எனக்கும் இங்கே இருக்க முடியவில்லை.

ஜெக்கரியா

•

786
கூத்தாநல்லூர்
30.3.1974

என் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அடுத்த கப்பலிலேயே வந்துவிடுகிறேன் என்ற வரியை விரலால் தடவிப் பார்த்தேன். பெரிய மச்சான் காகிதமும் மைக்கூடும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மூன்று நாள் அது அப்படியே இருந்தது. ஒரு கையெழுத்து. நீங்கள் வந்துவிடுவீர்கள். போட்டுவிடலாமா என்று நான் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

நாலாம் நாள் செவ்வந்தி ஓமம் இடிக்க வந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. "பட்டாவில பேரு ஏறினதுலேருந்துதாம்மா எங்க வீட்டுக்காரரு நிமிந்து நடக்குறாரு" என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அது பட்டா அல்ல, குத்தகைப் பதிவுதான். அவளைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை.

காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

நீங்கள் பொய்யர் என்று ஊருக்குச் சொல்ல அன்று நான் பேசவில்லை. கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன். நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த வலிக்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன சொல்லுக்கு இல்லை.

கையெழுத்து இல்லாமல் வர முடிந்தால் வாருங்கள்.

ரஹ்மத்

•

786
கூத்தாநல்லூர்
2.10.1974

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆறு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. இருந்தும் எழுதுகிறேன். நோன்பு நடக்கிறது.

சென்ற வெள்ளிக்கிழமை பகலில் போலீஸ் வந்தது. அரசாங்கம் போன மாதம் சாராயக் கடைகளை மூடியதிலிருந்து ஊர் ஊராகச் சோதனை. அண்டா அடுப்பில் இருந்தது. "என்ன காய்ச்சுறீங்க?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"ஓமம்."

"எல்லாரும் இப்படித்தான் ஒரு பேரு சொல்றாங்க."

"நோன்பு வாயோட சொல்றேன். மோந்து பாருங்க."

அவர் மோந்து பார்க்கக் குனிவதற்குள் ஒரு போலீஸ்காரர் கடப்பாரையால் அண்டாவின் வயிற்றில் குத்திவிட்டார். ஆவி சீறிக்கொண்டு வந்தது. செவ்வந்தி குறுக்கே ஓடினாள், "எங்க புள்ளைங்க வயித்துவலிக்குக் குடிக்கிறது சார்" என்று. அவள் முழங்கை வெந்துவிட்டது. இளையபெருமாள் வயலிலிருந்து நடவு ஆட்களோடு ஓடிவந்து நின்ற பிறகுதான் குரலைத் தணித்தார்கள். குழாயைச் சாட்சிக்கென்று எடுத்துக்கொண்டு போனார்கள். மன்னார்குடி கோர்ட்டில் வழக்கு. சீசாவைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

யாரோ பெயரில்லாமல் போலீசுக்குப் போட்ட புகார் மனுவை சப்-இன்ஸ்பெக்டர் வாய்விட்டுப் படித்தார். "தண்ணீருக்கு ஒரு சாண் மேலே ஓட்டைத் தட்டு, மூடி ஓரத்தில் மாவு பூசி, செம்புக் குழாயைச் சுருளாகத் தொட்டிக்குள் விட்டு..." மச்சான், அவை உங்கள் சொற்கள். உங்கள் கடிதத்தை இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் பார்த்ததில்லை. பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

நீங்கள் எழுதினீர்களா? இல்லை என்று மட்டும் எழுதுங்கள். நம்பிவிடுவேன்.

ரஹ்மத் பீவி

•

பினாங்கு
28.10.1974

என் ரஹ்மத்துக்கு,

மனுவை நான் எழுதவில்லை. ஆனால் அந்தச் சொற்களை அண்ணனுக்குக் கொடுத்தவன் நான்தான்.

உனக்கு எழுதிய அதே வாரம் அண்ணனுக்கும் எழுதினேன். நீ தைலம் எடுக்கப் போகிறாய், நான் வழி சொல்லிக் கொடுத்தேன் என்று முழுவதையும் எழுதினேன். உன்னைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது, வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு? பெருமையில் எழுதிய கடிதம் அது. அதை வைத்து அவர் இதைச் செய்வார் என்று நினைக்கவில்லை. செவ்வந்தியின் கை இப்போது எப்படி இருக்கிறது?

உன் கடிதம் வந்த மறுநாள் வேலைக்குப் போகவில்லை. சத்தியப் பத்திரம் பதிவு செய்யும் அதிகாரி முன் போய் உட்கார்ந்தேன். "எழுபத்திரண்டில் நான் சொன்னது பொய். நிலத்தைப் பதினான்கு வருஷம் குத்தகைக்கு உழுதவர் இளையபெருமாள். என் மனைவி சொன்னதுதான் உண்மை." அவர் தமிழ் தெரிந்தவர். எழுதி முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கூடியிருந்த ஊர் பார்த்ததைவிட அந்த ஒரு மனிதர் பார்த்தது கடினமாக இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதி மேல்முறையீட்டு அதிகாரிக்கு, ஒன்று மன்னார்குடி கோர்ட்டுக்கு, ஒன்று இத்துடன் உனக்கு. ஓமத் தைலம் எடுக்கும் முறை என்ன, சாராயம் காய்ச்சுவதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு என்று ஆலைக் கங்காணியிடமும் எழுதி வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

ஆறு மாதம் எழுதாதது கோபத்தால் என்று நினைத்திருப்பாய். முதலில் கோபம்தான். பிறகு, கையெழுத்து இல்லாமல் வாருங்கள் என்று நீ எழுதியதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. வர ஆசைப்பட்டவனுக்கு வரும் முகம் இல்லை.

ஜனவரியில் ஒரு கப்பல் இருக்கிறது. நீ வரச் சொல்கிறாயா?

ஜெக்கரியா

•

786
கூத்தாநல்லூர்
8.12.1974

என் மச்சானுக்கு ரஹ்மத்தின் ஸலாம்.

சோதனைச் சீட்டு வந்தது. தைலம் என்றே எழுதியிருந்தது. வழக்கைத் தள்ளிவிட்டார்கள். குழாயை நெளித்துத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். மேல்முறையீடும் தள்ளுபடி. உங்கள் பத்திரத்தை அதிகாரி உரக்கப் படித்தார். இந்த முறை நான் கதவுக்குப் பின்னால் இல்லை, முன் வரிசையில் இருந்தேன். "என் மனைவி சொன்னதுதான் உண்மை" என்ற இடத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுதேன் என்று நினைத்திருப்பார்கள். அழத்தான் செய்தேன்.

அன்று மாலையே பெரிய மச்சான், வீடு தன் பெயரில் இருக்கிறது என்று சொல்லி, என் பெட்டியைத் தெருவில் வைத்தார். உங்களுக்குத் துயரம் வேண்டாம், அந்த வீட்டில் நான் இருந்தது உங்களுக்காகத்தான். இளையபெருமாளைப் போய்ப் பார்த்தேன். என் ஆறு மாவில் வாய்க்கால் ஓரம் ஒரு திடல் இருக்கிறதே, அதில் குடிசை போட்டுக்கொள்ளட்டுமா என்று அவரிடம் கேட்டேன். குத்தகைக்காரர் அவர், கேட்க வேண்டியது முறை. அவர் பதறிப்போனார். "உங்க நிலம்மா, என்னப் போய்க் கேக்குறீங்களே" என்றார். "அவங்க முறையாக் கேட்ட பிறகுதான் எனக்குக் கொடுக்க மனசு வந்துச்சு" என்று பிற்பாடு செவ்வந்தியிடம் சொன்னாராம். அவள் கை ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது. புது அண்டா வந்துவிட்டது. இப்போது நான்கு பெண்கள் சேர்ந்து வடிக்கிறோம்.

வரச் சொல்கிறாயா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனை நாள் நான் வேறு என்ன எழுதிக்கொண்டிருந்தேன்?

நாகப்பட்டினத்துக்குப் பெரிய மச்சான் வண்டி அனுப்பினால் ஏற வேண்டாம். திருவாரூர் வந்து மன்னார்குடி பஸ் பிடியுங்கள். ஊருக்குள் போகாமல் மதகடியிலேயே இறங்குங்கள். அங்கிருந்து வரப்புதான். தை அறுப்பாக இருக்கும், ஆட்கள் நிறையப் பேர் நிற்பார்கள். எல்லாரும் உங்களைப் பார்ப்பார்கள், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். வழியில் இளையபெருமாள் வயலில் இருப்பார். முதலில் அவரிடம் போங்கள். அவரிடம் சொல்ல வேண்டியது உங்களுக்கே தெரியும்.

நீங்கள் மதகில் இறங்குவதிலிருந்தே எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் அவரிடம் பேசி முடிக்கும்வரை குடிசையை விட்டு வெளியே வரமாட்டேன். முடிந்ததும் வருவேன்.

ரஹ்மத்