கீறல் விழாத பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

மருத்துவமனைக் கட்டிலை ஏற்றி இறக்கும் பேட்டரிக்கு நாங்கள் செய்யும் சார்ஜர், என் கணினி மாடலின்படி, சோதனையில் தோற்கும். எட்டு மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கத்தில் மின் இரைச்சல் வரம்பைத் தாண்டிக் கொம்பு போல நிற்கிறது. மேலாளரிடம் வரைபடத்தைக் காட்டினேன்.

"போன ரெண்டு தடவையும் உங்க ஜோசியம் பலிக்கலையே மேடம்?"

பலிக்கவில்லைதான். ஒரு தடவை சோதனை அறையில் கேபிளை மாற்றிவிட்டு என்னிடம் சொல்லவில்லை. இன்னொரு தடவை நானே ஒரு சுருளைத் தப்பாகக் கணக்கிட்டேன். இந்தத் தடவையும் பொய்த்தால் மாடல் வேலைக்கு மூடுவிழா, எனக்கு ஆவணப் பிரிவு. பயனர் கையேடு எழுதலாம். 'ஈரக் கையால் தொடாதீர்கள்.' இதற்குத்தான் முனைவர் பட்டம்.

மார்ச் 5

தங்கை பல் மருத்துவர். மேலே கிளினிக், கீழே நாங்கள் இருவரும். சாப்பிடும்போது கேட்டாள்: "சார்ஜர் என்னக்கா சத்தம் போடும்?"

"காதுக்குக் கேக்காது. உள்ள ஒரு சுவிட்ச் நொடிக்கு லட்சம் தடவ திறந்து மூடுது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மின்சாரம் வழி தவறி வெளிய ஓடும். பக்கத்துக் கட்டில்காரரோட இதயத் துடிப்புக் கோடு நடுங்கும்."

"டாக்டர் ஓடி வருவாரே?"

"வந்து, உன்னை மாதிரி பில் போடுவாரு."

மார்ச் 7

மாடலை மறுபடி குடைந்தேன். கொம்பு அசையவில்லை. குற்றவாளி, பெட்டிக்குள் சூட்டை வாங்கும் அலுமினியத் தகடு. அதற்கும், பெட்டியைத் திருகி மாட்டும் கட்டிலின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. யாரும் வாங்கி வைத்ததல்ல. இரண்டு உலோகம் நெருங்கினால் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், அழையாத விருந்தாளி. இரைச்சல் அதன் வழியாகத்தான் தப்பிக்கிறது.

என் மாடல் சரியா? தெரியாது. ஆனாலும் அதை நம்புகிறேன், அதுதான் எனக்கே பிடிக்கவில்லை.

மார்ச் 10

மேலாளருக்கு அலுவலகத்தில் 'பாலிஷ்' என்று பெயர். நான் வைக்கவில்லை. தடுக்கவும் இல்லை. சோதனைக்குப் போகும் பெட்டியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். சோதனை அறைக்காரரிடம், "கஸ்டமர் கைக்குப் போற பெட்டி. ஒரு கீறல் விழக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். பெண் பார்க்க வருகிறார்கள் போல.

மார்ச் 12

பாஸ்.

எட்டு மெகாஹெர்ட்ஸில் கொம்பு இல்லை. ஒரு பரு கூட இல்லை. கேக் வெட்டினார்கள். பாலிஷ் பெரிய துண்டாக எனக்குத் தந்து, "கையேடு நல்லா எழுதுவீங்க மேடம், உங்க தமிழ் நல்ல தமிழ்" என்றார்.

கேக் நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல்.

தங்கை, "பாஸானதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிற ஒரே ஆளு நீதான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா வலிக்கவே இல்லைன்னு சொல்றவங்க பல்லத்தான் நான் முதல்ல தட்டிப் பாப்பேன்" என்றாள்.

மார்ச் 13

காலையிலேயே சோதனை அறைக்குப் போனேன். கட்டில் சட்டத்துக்குப் பதிலாக நிற்கும் இரும்பு மேசை மேல் சார்ஜர். அதன் அடியில் தடித்த வெள்ளை நுரை மெத்தை, பேக்கிங்கில் வருவது.

"இது எதுக்கு?"

"சார்தானே கீறல் விழக் கூடாதுன்னாரு? திருகிப் பூட்டினா அடிப்பக்கம் தேஞ்சிடும் மேடம். அதான் சொகுசா படுக்க வச்சேன்."

கட்டிலில் திருகி மாட்ட வேண்டிய பெட்டியை மெத்தையில் படுக்கவைத்திருக்கிறார்கள். இரும்புக்கும் தகட்டுக்கும் இடைவெளி விரலளவு கூடிவிட்டது. விருந்தாளி வரவில்லை, இரைச்சலுக்கு வழியே இல்லை. கொம்பு எங்கிருந்து வரும்?

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. இதை நான் போய்ச் சொன்னா எப்படி இருக்கும்? வேலை போகுதேன்னு வயித்தெரிச்சல்ல பேசறா — அப்படித்தானே சொல்வாங்க? அதுல பாதி உண்மைதானே? மெத்தைய எடுத்தும் பாஸாயிட்டா? ஐயோ, அப்ப கையேட்டுலகூட என் பேரு வராது.

ஆனா அந்தக் கட்டில்காரர் மெத்தைக்கு மேலதான் படுப்பாரு. சார்ஜர் இல்ல.

மார்ச் 14

சொன்னேன். பாலிஷ் முகம் வெளிறியது.

"கேக் சாப்பிடும்போது சொல்லலையே நீங்க?"

"அப்ப தெரியாது சார். தெரிஞ்சிருந்தாலும் சாப்பிட்டுட்டுதான் சொல்லியிருப்பேன்."

"திருகினா கீறுமே மேடம்..."

"கீறும் சார்."

மார்ச் 17

மெத்தையை எடுத்து, பெட்டியை இரும்பில் திருகி, மறுபடி அளந்தார்கள். எட்டு மெகாஹெர்ட்ஸில் கொம்பு. என் வரைபடத்தை மேலே வைத்தால் கிட்டத்தட்ட மூடிக்கொள்கிறது. சோதனை அறைக்காரர், "மேடம், ஜோசியத்துக்குத் தட்சிணை எவ்வளவு?" என்றார்.

ஆடவில்லை நான். உள்ளுக்குள் கொஞ்சம் ஆடினேன்.

மார்ச் 26

தகட்டுக்கு முன்னால் ஒரு செப்புத் தாளை வைத்து, தப்பி ஓடும் மின்சாரத்தை வந்த வழியே திருப்பி அனுப்பினோம். முதலில் மாடலில், பிறகு பெட்டியில். இரும்பில் திருகியே அளந்தார்கள். பாஸ். அடிப்பக்கம் முழுக்கக் கீறல். இந்த முறை கேக் கிடையாது.

ஏப்ரல் 8

அடுத்த சார்ஜரின் வரைபடத்தோடு பாலிஷ் என் மேசைக்கு வந்தார். "செய்யறதுக்கு முன்னாடி ஜாதகம் பாத்துடலாமா மேடம்?"

"உக்காருங்க சார்."

அதே மேசை, அதே நாற்காலி. முதுகு வலிக்கு மட்டும் இப்போது ஒரு வெள்ளை நுரை மெத்தை வைத்துக்கொள்கிறேன். உண்மையிலேயே சொகுசாகத்தான் இருக்கிறது.